கில்லி சூட்டும் காவித் துண்டும்

ஆபீஸ் நண்பர் 'கில்லி சூட்' வாங்கிவிட்டார். விஜய் படம் இல்லை சார்! உடம்பெல்லாம் நாரும் இலையுமாகத் தொங்குகிற அங்கி. ஸ்காட்லாந்தின் வேட்டைப் பணியாட்கள் போட்டது. 1900-ல் லோவட் ஸ்கவுட்ஸ் படையோடு போயர் யுத்தத்துக்கும் போனது.

நம்மூரில் நரியைச் சுட்டால் 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் உள்ளே தள்ளிவிடும். அதனால் நண்பர் கையில் கேமரா மட்டும்.

சித்திரை வெயில். திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு தரிசு. புல்லெல்லாம் காய்ந்த மஞ்சள். நண்பர் மட்டும் பச்சைப் பசேல்! நரிக்கு முன்னால் ஆடு வந்து தோளைக் கடித்தது.

மேய்த்த பெரியவர் சிரித்தார். "நரி மூக்கால பார்க்கும் தம்பி. காத்து உங்க பக்கமிருந்து அடிக்குது. சென்ட்டு வேற!"

ஆகவே, வாங்குகிறவர்களே! ஊர்ப் புல்லின் நிறத்தில் வாங்குங்கள். காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி உட்காருங்கள். நார் சட்டென்று பற்றிக்கொள்ளும். சிகரெட் கூடவே கூடாது. அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழையாதீர்கள்.

முக்கியமாக, எங்கேயாவது கள்ளத் துப்பாக்கி இருந்தால், அசைகிற புதரைப் பன்றி என்றுதான் நினைக்கும். எழுந்து நடக்கும்போது தோளில் பளிச்சென்று ஒரு காவித் துண்டு போடுங்கள். திருவண்ணாமலையில் அதற்கா பஞ்சம்?