பக்கத்துக் கூடாரம்

டெல்லியில் பாதரசம் 4 டிகிரிக்கு இறங்கினால் அது செய்தி. லடாக்கின் சாங்தாங்கில் மைனஸ் 30 டிகிரி என்பது வெறும் ஜனவரி மாதம். 4,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்தப் பீடபூமியில் சாங்பா இடையர்கள் ஆடு, யாக், அக்கம்பக்கத்தார் துணையோடுதான் குளிர்காலத்தைத் தள்ளுகிறார்கள்.

யாக் முடியில் நெய்த அவர்களது கூடாரத்துக்கு ரெபோ என்று பெயர். உள்ளே எரிவது காய்ந்த சாணம். வெளியே கல் பட்டியில் ஆடுகள் நெருக்கியடித்து ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும். கடுங்குளிரில் பிறந்த குட்டிக்குக் கூடாரத்துக்குள்ளேயே இடமுண்டு. இந்தக் குளிர்தான் ஆட்டின் உடலில் மெல்லிய உள்முடியை வளர்க்கிறது. அதுதான் நாம் விலை விசாரித்துவிட்டுத் திரும்பும் பாஷ்மினா.

எந்த மேய்ச்சல் நிலம் யாருக்கு, எப்போது என்பதை கோபா எனப்படும் தலைவரின் முன்னிலையில் கூடி முடிவுசெய்கிறார்கள். ஆனால் பனி புல்லை மூடிவிட்டால் எந்த ஒற்றுமையும் ஆட்டின் வயிற்றை நிரப்பாது. 2013இன் தொடக்கத்தில் கொட்டிய பனியில் ஆயிரக்கணக்கான ஆடுகள் மடிந்தன.

கார்னாக் பகுதிக் குடும்பங்களில் பெரும்பாலானவை லே நகரின் ஓரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவ வசதி என்று காரணங்கள் நியாயமானவை. ஆனால் ஒரு குடும்பம் கிளம்பினால், எஞ்சியவர்களுக்கு இரவில் ஓநாயை விரட்ட ஆள் குறைகிறது.

பனி பாதையை அடைக்கும் முன்பே தீவனம் மேலே போய்ச் சேரவேண்டும். பள்ளியும் மருத்துவரும் கூடவே போனால், பக்கத்துக் கூடாரம் காலியாகாது.