எழுதியவருக்கே உரிமை!

லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள். பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-ம் ஆண்டில் அதைத் தொடங்கினார். பிறகு ஆயிரக்கணக்கானோர் எழுதிச் சேர்த்தார்கள். யாரும் அதைப் பயன்படுத்தலாம்; திருத்தலாம்.

அப்படியானால், அது யாருக்குச் சொந்தம்?

அவரவர் எழுதியது அவரவருக்கே! சம்பளத்துக்கு எழுதினால் பெரும்பாலும் முதலாளிக்கு. "இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு" என்று உறுதி கூறிப் பெயர் போட்டால் போதும். 2004 முதல் இதுவே வழக்கம்.

வேறு சில இடங்களில் உரிமையையே ஒரு நிறுவனம் எழுதி வாங்கிக்கொள்கிறது. வழக்காட அது வசதிதான். ஆனால், எல்லா உரிமையும் ஒரே கையில் சேர்ந்தால், நாளை அந்தக் கை பூட்டுப் போடலாம் அல்லவா? பலர் கையில் இருந்தால், எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.

பலர் உழைப்பில் வளர்ந்தது பலரிடமே இருக்கட்டும். அதுதான் நியாயம்!