திடல் எங்கே?

உழைக்கும் மக்களுக்கு டென்னிஸில் நாட்டமில்லை என்று சில கனவான்கள் சொல்லித் திரிகிறார்கள். நாம் கேட்கிறோம்: இல்லாதது நாட்டமா, திடலா?

சிட்னி ஜேக்கப் 1924 ஒலிம்பிக்கிலும் 1925 விம்பிள்டனிலும் கால் இறுதிவரை சென்றவர். அவர் திறமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் யார்? ஐ.சி.எஸ். அதிகாரி! 1921-ல் டேவிஸ் கோப்பையில் முதன்முதலாக இறங்கி பிரான்சை வென்ற இந்திய அணியின் முகமது சலீம் யார்? லாகூர் பாரிஸ்டர்!

அதே 1921-ல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, போலீஸ் குண்டுகளுக்கு இரையானார்கள். ராக்கெட் பிடிக்க அவர்களுக்குக் கையில்லையா? ஓய்வில்லை, புல்தரையில்லை, கிளப்பின் கதவோ திறக்கவில்லை.

2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார் காசிமா. நமது புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள்! கேரம் பலகைக்குச் சந்திலும் இடம் கிடைக்கும். டென்னிஸ் களத்துக்குக் கிடைக்குமா?

நகரின் டென்னிஸ் அரங்கம் நுங்கம்பாக்கத்தில் நிற்கிறது. வடசென்னைக்கு லாரிப் புழுதியும் ஆலைப் புகையும்தானா பங்கு?

வெற்றி பெற்றபின் மாலை போடுவது எளிது. முதலில் திடலைக் கொடுங்கள்! வண்ணாரப்பேட்டையில் கட்டணமில்லாப் பொது டென்னிஸ் களம் வேண்டும். பிறகு பாருங்கள், யாருக்கு நாட்டமில்லை என்று!