உங்கள் வீட்டில் போன் எங்கே தூங்குகிறது?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு ஒரு அம்மா தன் மகனுடன் வந்தார். பையன் ஒன்பதாம் வகுப்பு. கையில் இருந்த மொபைலை மேஜை மேல் வைத்துவிட்டு, "தம்பி, ராத்திரி பத்து மணிக்கு மேல இது வேலை செய்யாத மாதிரி ஒரு பூட்டு போட்டுக் கொடுங்க. இவன் எப்பத் தூங்குறான்னே தெரியல. காலையில எழுப்புறதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வருது" என்றார்.

பையன் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். எந்தப் பூட்டைப் போட்டாலும் அதைத் திறக்கச் சொல்லித்தர அவன் வகுப்பிலேயே நாலு பேர் இருப்பார்கள்.

வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்டு வருகிறார்கள். இப்போதெல்லாம் ஆப் போடுவதற்கு முன்பு நான் ஒரு கேள்வி கேட்கிறேன். "ராத்திரி உங்க வீட்டுல இந்த போன் எங்கம்மா தூங்குது?"

இந்தக் கேள்வியை நான் என் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் வெட்கமான கதைதான். இருந்தாலும் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் தெரிந்த அப்பா

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஐந்தாம் வகுப்புக்குப் போன என் மகளுக்கு ஆன்லைன் வகுப்புக்காக ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்தேன். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். பள்ளி திறந்தும் போன் பெட்டிக்குள் போகவில்லை. வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குரூப்பில் வர ஆரம்பித்துவிட்டது.

ஆனால் எனக்குக் கவலையே இல்லை. கம்ப்யூட்டர் தெரிந்த அப்பா ஆயிற்றே! திரையை மஞ்சளாக்கும் புளூ லைட் ஃபில்டரை ஆன் செய்தேன். யூடியூப்பில் ரெஸ்ட்ரிக்டட் மோடு வைத்தேன். விலை குறைவு என்று தினம் 1.5 ஜிபி தரும் பிளானைப் போட்டேன். கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

அவள் எட்டாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் காலை, டியூஷனுக்காக ஆறு மணிக்கு டூவீலரில் பின்னால் உட்கார வைத்துப் புது ஆற்றுக் கரை ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று முதுகில் இருந்த பாரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. பிரேக் போட்டு, இடது கையைப் பின்னால் நீட்டிப் பிடித்துவிட்டேன். பிள்ளை உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருக்கிறாள். பக்கத்தில் கரை நிறையத் தண்ணீர். அன்று என் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

அன்று மாலை அவள் போனில் டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியைத் திறந்து பார்த்தேன். பெரும்பாலான நாட்களில் நள்ளிரவு 12 மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் போன் ஓடியிருந்தது. ஏன் 12 மணி? 1.5 ஜிபி சாயங்காலமே தீர்ந்துவிடும். புது நாளின் டேட்டா நள்ளிரவில்தான் வரும். அதற்காக விழித்திருந்திருக்கிறாள். அந்த பிளானைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அப்பா, உங்க போன்லயும் அதைத் திறந்து பாருங்க" என்றாள். பார்த்தேன். என் கணக்கு அவளுடையதைவிட மோசமாக இருந்தது.

மலிவாக விற்கப்படும் இரவு

ராத்திரி விழித்து டேட்டா பிடிப்பது இந்தத் தலைமுறை கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். பிஎஸ்என்எல் பிராட்பேண்டில் அதிகாலை 2 மணி முதல் காலை 8 மணி வரை இலவசம் என்ற பிளான் இருந்தது பழைய வாசகர்களுக்கு மறந்திருக்காது. 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டவர்களில் நானும் ஒருவன். 2021-ல் வோடஃபோன் ஐடியா நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை கணக்கில்லா டேட்டா என்று அறிவித்தது.

கம்பெனிகள் இப்படிச் செய்வதில் ஆச்சரியம் இல்லை. இரவில் நெட்வொர்க் சும்மா கிடக்கும். அதை மலிவாக விற்கலாம். ஆனால் பிள்ளையின் உடம்பு அந்த நேரத்தில் சும்மா கிடப்பதில்லை. வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான். பகலில் படித்ததை மூளை நினைவில் பதிய வைப்பதும் தூக்கத்தில்தான். ராத்திரி ஒரு மணி வரை விழித்திருக்கும் பிள்ளையை ஐந்து மணிக்கு எழுப்பி டியூஷனுக்கு அனுப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

எவ்வளவு தூக்கம் வேண்டும்? அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் சொன்ன கணக்கு இது: 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம்; 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். காலை 5.30-க்கு எழும் எட்டாம் வகுப்புப் பிள்ளை, குறைந்தபட்சக் கணக்குப்படி பார்த்தாலும் இரவு 9.30-க்குத் தூங்கியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் 9.30-க்கு என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

மஞ்சள் திரை போதுமா?

இரவில் வெளிச்சம் கண்ணில் பட்டால், தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் குறையும் என்பது உண்மை. நீல வெளிச்சத்துக்கு இந்த வேலையில் பங்கு அதிகம். இதனால்தான் 2016-ல் ஐபோனில் நைட் ஷிஃப்ட் வந்தது, 2017-ல் விண்டோஸ் 10-ல் நைட் லைட் வந்தது. ஆனால் 2021-ல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளைஞர்களிடம் நைட் ஷிஃப்ட்டைச் சோதித்தபோது, அதை ஆன் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் தூக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

யோசித்தால் புரியும். திரை மஞ்சளாக இருந்தாலும் அடுத்த ரீல்ஸ் வந்துகொண்டேதான் இருக்கும். குரூப்பில் யார் என்ன பதில் போட்டார்கள் என்ற ஆவல் மஞ்சளாகிவிடாது. பிள்ளையை விழிக்க வைப்பதில் வெளிச்சத்துக்கு ஒரு பங்கு என்றால், திரையில் ஓடுவதற்கும் ஒரு பங்கு உண்டு.

கஜா காட்டிய பாடம்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின் கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் பக்கத்தில் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தென்னையைப் பறிகொடுத்தவர்களுக்கு அது வாழ்நாள் இழப்பு. அந்த நாட்கள் திரும்ப வர வேண்டாம்.

ஆனால் ஒன்றை நான் கவனித்தேன். முதல் சில நாள் பயத்திலும் கொசுக்கடியிலும் பிள்ளைகள் தூங்கவே இல்லை. அது அடங்கியபின், இரவு எட்டரை மணிக்கெல்லாம் தெருவே தூங்கிவிட்டது. எழுப்பாமலே பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்தார்கள். தூக்கம் வராத வியாதி எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இல்லை என்று அப்போது தெரிந்தது. கரண்ட் வந்ததும் அதை நான் மறந்துவிட்டேன். டூவீலர் சம்பவத்துக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நாங்கள் செய்தது

எங்கள் வீட்டில் அரிசி டிரம்முக்கு மேலே ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறது. அங்கே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்தேன். இரவு 9 மணிக்கு வீட்டில் உள்ள எல்லா போனும் டிரம் மேல் போய்விட வேண்டும். முதலில் போக வேண்டியது என் போன். அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் வாங்கினோம். "அலாரம் வைக்க போன் வேணும்" என்ற சாக்கு அத்தோடு போயிற்று. ஒரே ஹாலில் எல்லோரும் படுக்கும் வீடு எங்களுடையது. அதனால் டிவியும் 9 மணிக்கு ஆஃப்.

முதல் வாரம் சண்டை. இரண்டாம் வாரம் முணுமுணுப்பு. ஒரு மாதத்தில் காலையில் அவளை எழுப்பும் கூச்சல் வீட்டில் இல்லை. வகுப்பு குரூப்பில் இரவு 9 மணிக்கு மேல் வீட்டுப்பாடம் போட வேண்டாம் என்று ஆசிரியரிடம் பெற்றோர் சிலர் சேர்ந்து கேட்டோம். பாதி நாட்கள் கேட்கிறார்கள்.

சாஃப்ட்வேர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண்ட்ராய்டில் பெட்டைம் மோடு, கூகுள் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்கிரீன் டைம் எல்லாமே பயன்படும். பல ரூட்டர்களில் இரவில் நெட்டை நிறுத்த நேரம் குறிக்கலாம். ஆனால் ரூட்டரைப் பூட்டினால் மொபைல் டேட்டா இருக்கிறது. ஒரு போனைப் பூட்டினால் பாட்டியின் போன் இருக்கிறது. அப்பா பக்கத்தில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டே பிள்ளையின் போனுக்குப் பூட்டுப் போட்டால், பிள்ளை பூட்டைத் திறக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

போனை எடுத்து வைத்தும் தூக்கம் சரியில்லை, பிள்ளை தினமும் குறட்டை விடுகிறது, வாயால் மூச்சு விடுகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். அதை எந்த செட்டிங்கும் சரி செய்யாது.

என் அப்பா, ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று காத்திருந்து, டார்ச் லைட்டோடு வயலுக்குப் போய் மோட்டார் போட்டவர். ஆட்டோ ஸ்டார்ட்டரும் மொபைல் ஸ்டார்ட்டரும் வந்த பிறகுதான் அவர் விடிய விடியத் தூங்கினார். டெக்னாலஜி ஒருவருக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்ததை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அதே டெக்னாலஜி அவர் பேத்தியின் தூக்கத்தை எடுத்துக்கொள்ள நான்தான் வழிவிட்டேன்.

கடைக்கு வந்த அந்த அம்மாவுக்கு பெட்டைம் மோடு போட்டுக் கொடுத்தேன். கூடவே, "உங்க போனையும் சேர்த்து ராத்திரி அடுப்படியில வச்சிடுங்க" என்றேன். பையனின் சிரிப்பு அப்போதுதான் மறைந்தது. நீங்களும் இன்று இரவே ஆரம்பியுங்கள். செலவு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் ஒரு கடிகாரமும்தான்.