பயிற்சி மதகடியில் நடக்கட்டும்



2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. மணற்படுகையில் நிற்கும் தூணின் அடியில் நீர் புகுந்து மணலை எப்படி அரிக்கிறது, கரையில் கசிவு எங்கே தெரியும் என்பதையெல்லாம் இளம் பொறியாளர்கள் அறைக்குள் திரையைப் பார்த்து மட்டும் கற்க முடியாது. ஆற்றில் இறங்க வேண்டும்; ஆண்டுக்கணக்கில் மதகைத் திறந்து மூடும் லஸ்கர்களிடம் கேட்க வேண்டும். அவர்களுக்குத் தெரிந்தது எந்தக் கையேட்டிலும் இல்லை!

நீர்ப்பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம் துவாக்குடியில்தான் இருக்கிறது. கல்லணையும் முக்கொம்பும் பக்கத்திலேயே. மேட்டூர் அணை திறப்புக்கு முன்பும் வெள்ளம் வடிந்த பின்பும் களப்பயணத்தை அரசு கட்டாயமாக்க வேண்டும். பயணப்படியையும் தாமதமின்றித் தர வேண்டும்.

– ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர், லால்குடி