ரெண்டு மருந்து, ஒரு ராத்திரி

ஹாஸ்டல்ல உங்களுக்கு விடாத இருமல். பக்கத்து கட்டில் நண்பன், 'இந்தா மச்சி, குடி' என்று சிரப்பை நீட்டுவான். டிப்ரஷனுக்கு நீங்க மாத்திரை சாப்பிடறது அவனுக்குத் தெரியாதே!

லிபி சையன்னு ஒரு காலேஜ் பொண்ணு. வயசு 18. 1984 மார்ச் 4 ராத்திரி, காய்ச்சலும் உதறலுமா நியூயார்க்கில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். டிப்ரஷனுக்கு ஃபெனல்சின் சாப்பிட்டு வந்தவள். உதறலுக்கு பெத்திடின் ஊசி போட்டாங்க. ஒண்ணுக்கொண்ணு ஆகவே ஆகாத ஜோடி! ஜுரம் 107 டிகிரிக்கு எகிறி, காலையில் இறந்தே போனாள். ராப்பகலா தூங்காம உழைக்கிற பயிற்சி டாக்டர்கள் பக்கம் சர்ச்சை திரும்ப, 1989-ல் அவங்களுக்கு வாரம் 80 மணி நேரம்தான் வேலைன்னு நியூயார்க்கில் விதி வந்தது.

வில்லன், செரடோனின். இந்த மூளை ரசாயனத்தை ரெண்டு மருந்தும் சேர்ந்து ஏத்தினா உடம்பு கொதிக்கும், தசை விறைக்கும், புத்தி தடுமாறும். தடயவியல்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. ரத்தத்தில் ஒவ்வொரு மருந்தும் வழக்கமான அளவில்தான் இருக்கலாம், கொன்னது கூட்டணி. பிரேதப் பரிசோதனையிலும் இதுக்குன்னு தனி அடையாளம் கிடையாது.

டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த இருமல் சிரப், டிரமடால் வலி மாத்திரை... ரெண்டுமே இந்த லிஸ்ட்ல உண்டு. அதுக்காக டிப்ரஷன் மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, அதுவும் வம்பு. ஃப்ளூஆக்சிடினை விட்டாலும் 5 வாரமாவது போனாதான் ஃபெனல்சினைத் தொடலாம். எந்த டாக்டரைப் பார்த்தாலும் மாத்திரை அட்டையைக் கையோட கொண்டுபோய்க் காட்டுங்க. பல் டாக்டர்கிட்டயும்தான்!