கேத்தலைக் கீறினால் என்ன குறைஞ்சு போகும்?

எங்களில ஒருத்தர் வீட்டுக் கேத்தலைப் பென்சிலால் கீறினார். அடி கருகின, கைபிடியில் துணி சுத்தின கேத்தல். மூண்டு பின்னேரம் எடுத்தது. காட்டின இடமெல்லாம் இரண்டே பதில்தான். ஒண்டு, "அப்பிடியே போட்டோ மாதிரி இருக்கு." மற்றது, "சரி, இது எதைக் குறிக்குது?"

இரண்டுமே எங்களுக்கு எரிச்சல்.

போட்டோதான் வேணுமெண்டால் கையில போன் இருக்கு, ஒரு செக்கன் வேலை. கீறுகிறவர் வெயில் சரியச் சரிய நகருகிற நிழலில் எதை வைச்சிருக்கிறது, எதை விடுகிறது எண்டு முடிவெடுக்க வேணும். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் கேத்தலின் மூக்கு ஒரு பக்கம் சரிஞ்சிருக்கிறதும், கரியிலும் ஒரு மினுக்கம் இருக்கிறதும் எங்களுக்குத் தெரிஞ்சது. வருசக்கணக்காய் அதில ஊத்தின தேத்தண்ணியைக் குடிச்ச ஆக்கள்தான் நாங்கள்!

மற்றது, குறியீடு கேட்கிற பழக்கம். எங்கட ஊரில ஒற்றைச் செருப்பைக் கீறினால் அது போரில ஓடினவரின் செருப்பாய்த்தான் இருக்க வேணும். வெறுங்கதிரை எண்டால் காணாமல் ஆக்கப்பட்டவர். அப்படிக் கீறுகிறவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. அந்தச் செருப்புகளை மறக்கவும் ஏலாது. ஆனால் வாசலில் கிடக்கிற, நாளைக்கும் ஆரோ போட்டுக்கொண்டு கடைக்குப் போகப்போகிற செருப்புக்கு ஓவியத்தில இடமே இல்லையா?

இந்தச் சண்டை பழசு. 1667இல் பிரான்சில் பெலிபியன் எண்டவர் ஓவியங்களுக்குச் சாதி அடுக்கு மாதிரி ஒண்டு போட்டார். உச்சியில சரித்திரமும் புராணமும், ஆக அடியில பழம், பூ, சிப்பி. 1728இல் ஷார்தனைப் பாரிஸ் அரச அக்கடமி சேர்த்ததும் 'விலங்கும் பழமும் கீறுகிறவர்' எண்ட வகையில்தான். அவர் 1734 அளவில் வரைஞ்ச செப்புத் தண்ணித் தொட்டி இப்ப லூவரில இருக்கு. மரக்கால்களில் நிக்கிற தொட்டி, கிட்ட ஒரு வாளி. ராசாவும் இல்லை, தேவதையும் இல்லை. செம்பில விழுகிற வெளிச்சமும், ஆரோ தண்ணி பிடிக்க வருவினம் எண்ட நினைப்பும் போதுமாய் இருக்கு.

குசினிச் சாமானில கீற என்ன இருக்கு எண்டு கேட்கிறவர், குசினிக்குள்ள நிக்கிறவரைப் பற்றியும் அதையேதான் நினைக்கிறார். எங்கட கோபம் அதிலதான்.

நண்பர் இப்ப திருவலையைக் கீறத் தொடங்கியிருக்கிறார். பல்லுப் பல்லாய் நிழல் விழுகிறதால் கஷ்டமாம். எதைக் குறிக்குது எண்டு ஆரும் கேட்டால், தேங்காய் திருவ எண்டு சொல்லச் சொல்லியிருக்கிறம்.